காரணம் கூறாத கடிதம்

சாமி வரங் கொடுத்தாலும் பூசாரி வரங் கொடான் என்பது நம் மக்களின் பழமொழி. பாராளுமன்றம் சட்டமியற்றுகின்றது, திறைசேரி பணம் ஒதுக்குகின்றது, வர்த்தமானி அறிவிக்கின்றது. ஆயினும், ஊன்றுகோலுடன் இரண்டு பஸ் மாறிச் சென்று அலுவலக வாசலில் காத்துநிற்கும் ஏழைக்கு ஈற்றிற் கிடைப்பதோ ஒரு துண்டுக் கடிதம்: "உமது விண்ணப்பம் தகுதி பெறவில்லை." தீர்மானித்தவர் யார்? எதனை ஆதாரமாகக் கொண்டு தீர்மானித்தார்? இத்தீர்மானத்தை எதிர்த்து யாரிடம் முறையிடலாம், எத்தனை நாட்களுக்குள் முறையிடலாம்? இவற்றுள் ஒன்றுக்கும் அக்கடிதம் வாய் திறப்பதில்லை.

அத்தகைய கடிதமொன்றைக் கையிலேந்தி வன்னியிலிருந்து ஒருவர் அண்மையில் நம்மிடம் வந்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர். 2009ஆம் ஆண்டு எறிகணை வீச்சிலே வலது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவர். செயற்கைக் கால் பொருத்தியிருக்கின்றார். வலுவிழந்தோர் கொடுப்பனவுக்கு அவர் விண்ணப்பித்தபோது, விசாரிக்க வந்த உத்தியோகத்தர் காலை வேளையிலே அவருடைய வீட்டுக்குச் சென்றார். வந்தவரை வரவேற்பதற்காக இவர் செயற்கைக் காலை மாட்டிக்கொண்டு, திண்ணையிலிருந்து இறங்கி நடந்து சென்று படலையைத் திறந்துவிட்டார். விருந்தோம்பும் அப்பண்பே அவருக்கு வினையாய் முடிந்தது. நடக்கின்றார் என்று உத்தியோகத்தர் எழுதிக்கொண்டார். நண்பகலுக்குள் வெட்டுண்ட காலின் முனை வீங்கிப் புண்ணாகிவிடும் என்பதையும், அதன்பின் செயற்கைக் காலைக் கழற்றி வைத்துவிட்டுத் தரையிலே அரைந்து செல்வதே அவருடைய வாழ்க்கை என்பதையும் யாரும் கேட்கவில்லை. கேளாததை அவரும் சொல்லவில்லை.

"ஐயா, என்ர கால் திரும்ப முளைச்சிட்டுதெண்டு எழுதியிருக்கினமோ?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். நம்மாற் சிரிக்க முடியவில்லை. பின்பு இன்னுமொன்று கேட்டார்: "அரசாங்கத்தோட மல்லுக்கட்ட ஏலுமோ, ஐயா? எம்பீட்ட ஒரு கடிதம் வாங்கித் தாங்கோ, அது காணும்." இக்கட்டுரையை எழுதும்படி நம்மைத் தூண்டியது முதற் கேள்வியன்று, இந்த இரண்டாவது கேள்வியே.

பிச்சையா, உரிமையா?

இக்கொடுப்பனவின் கதையைச் சுருக்கமாகக் கூறுவோம். நலன்புரி நன்மைகளைப் பெறுவோர் எவ்வாறு தெரிவுசெய்யப்பட வேண்டும் என்பதற்கு 2002ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கச் சட்டம் வழி வகுத்தது. அச்சட்டத்தின் கீழ் 2023ஆம் ஆண்டு அஸ்வெசுமத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. அப்பொழுது வலுவிழந்த ஒருவருக்கு மாதாந்தம் 5,000 ரூபா வழங்கப்பட்டது. அது 2024இல் 7,500 ரூபாவாகவும் 2025இல் 10,000 ரூபாவாகவும் உயர்ந்தது. உயர்த்தியதைப் பாராட்டுகின்றோம். ஆனால் தொகையை உயர்த்துவது ஒன்று. உரியவருக்கு அது போய்ச் சேர்வது வேறொன்று. 2023ஆம் ஆண்டு நடுப்பகுதியில் அஸ்வெசுமத் தெரிவுப் பட்டியல்கள் வெளியானபோது, நாடு முழுவதிலுமிருந்து ஒன்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட மேன்முறையீடுகள் குவிந்தன. அவற்றுட் பல பொருந்தாதவையாக இருந்திருக்கலாம். எனினும் ஒன்பது இலட்சம் குடும்பங்கள் தமக்கு அநீதி இழைக்கப்பட்டதாக எண்ணும் ஒரு தெரிவுமுறையிலே, பிழை முழுவதும் மக்களுடையதே என்று எவராவது கூறத் துணிவாரா?

அரசு இரங்கிக் கொடுப்பதை எப்படி உரிமையென்று கேட்பது எனச் சிலர் வினவுவர். சட்டத்தை உள்ளபடியே கூறுவோம். மக்களுக்குப் பொய்யான நம்பிக்கை ஊட்டுவது நமது வேலையன்று. போதிய உணவு, உடை, உறையுள் கொண்ட வாழ்க்கைத் தரத்தை யாவருக்கும் உறுதிசெய்தல் அரசின் நோக்கம் என அரசியலமைப்பின் 27ஆம் உறுப்புரை கூறுகின்றது. ஆனால் அக்கோட்பாடுகளைக் கொண்டு நீதிமன்றத்தில் உரிமை கோர முடியாது என 29ஆம் உறுப்புரை உடனேயே கதவை அடைத்துவிடுகின்றது. ஆகவே, இந்த நாட்டிலே இல்லாத ஒரு கொடுப்பனவை உண்டாக்கித் தருமாறு நீதிமன்றத்தைக் கேட்பது கடினம்.

ஆயின், உண்டாக்கிய கொடுப்பனவை ஒருவருக்குக் கொடுத்து, அவரை ஒத்த நிலையிலுள்ள மற்றொருவருக்குக் காரணமின்றி மறுக்க அரசுக்கு அதிகாரமில்லை. சட்டத்தின் முன் யாவரும் சமம் என்னும் 12(1) உறுப்புரை இங்கே குறுக்கே நிற்கின்றது. அது வெறுங் கோட்பாடன்று. நீதிமன்றத்திலே வலியுறுத்தத்தக்க அடிப்படை உரிமை. வலுவிழந்தோரின் மேம்பாட்டுக்கென விசேட ஏற்பாடு செய்யலாம் என அதே உறுப்புரையின் நான்காம் பந்தி கூறுவதால், அத்தகைய ஏற்பாடு சமத்துவத்துக்கு முரண் என்று யாரும் வாதிடவும் இயலாது. மேலும், வலுவிழந்தோரின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகளின் சமவாயத்தை இலங்கை 2016ஆம் ஆண்டு ஏற்புறுதி செய்தது. சமூகப் பாதுகாப்புப் பெறுவது வலுவிழந்தோரின் உரிமை என அதன் 28ஆம் உறுப்புரை தெளிவாகச் சொல்கின்றது. உலகத்தின் முன் உரிமையென்று ஒப்பமிட்டுவிட்டு, ஊர்க்காரனின் முன் அதனைப் பிச்சையென்று சொல்வது எந்த நியாயம்?

காரணம் கேட்பது குற்றமா?

நியாயமற்ற தீர்மானத்தை எதிர்ப்பதற்கு முதற்படி, அத்தீர்மானத்தின் காரணத்தை அறிவது. எதிரி மறைந்து நின்றால் அம்பை எங்கே எய்வது? தொழில் ஆணையாளரின் தீர்மானமொன்று பற்றி எழுந்த கருணாதாச எதிர் யுனிக் ஜெம் ஸ்டோன்ஸ் வழக்கிலே, 1997ஆம் ஆண்டின் சட்ட அறிக்கைகளில் வெளிவந்த தீர்ப்பில், நீதியரசர் மார்க் பெர்னாண்டோ இதனை நன்கு விளக்கினார். ஒருவரின் கூற்றைக் கேட்டுப் பதிவுசெய்துகொண்டால் மாத்திரம் இயற்கை நீதி நிறைவேறிவிடாது. அவர் கூறியதைக் காரணங்களுடன் சீர்தூக்கிப் பார்த்திருக்க வேண்டும் என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

அதன்பின் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தது. பத்திரிகையாளருக்கான சட்டம் என்றே நம்மவர் பலர் இதனை எண்ணியிருக்கின்றனர். அச்சட்டத்தின் 35ஆம் பிரிவை அவர்கள் வாசிக்கவேண்டும். பகிரங்க அதிகாரசபையின் தீர்மானத்தினாற் பாதிக்கப்பட்ட பிரசை எழுத்திற் கேட்டால், தீர்மானத்துக்கான காரணத்தைக் கூறுவது உத்தியோகத்தரின் கடமை என்று அது விதிக்கின்றது. அதே சட்டத்தின் கீழ், தமது கோவையிலுள்ள விசாரணை அறிக்கையின் பிரதியையும் கேட்கலாம். எழுத இயலாதவர் வாய்மொழியாகக் கேட்டால், அதனை எழுத்தில் இட்டுக்கொள்வது தகவல் உத்தியோகத்தரின் பொறுப்பு. பதினான்கு வேலை நாட்களுக்குள் மறுமொழி கூறவேண்டும். இத்துணை கூரிய வாளை உறையிலே வைத்துக்கொண்டு, வெறுங்கையுடன் வாசலில் நின்று கெஞ்சுகின்றோம்.

கடிதம் வந்தவுடன் செய்யத்தக்கவற்றைக் கூறுவோம். கடித உறையை எறியாதீர்கள். அது கைக்கு வந்த நாளை அதன் மேலேயே குறித்து வையுங்கள். நாள் எண்ணுவதிலேதான் பல வழக்குகள் மாய்கின்றன. மேன்முறையீட்டுக்கு எத்தனை நாள் உண்டென்பதை அன்றே கேட்டறிந்து, அத்தவணைக்குள் எழுத்தில் முறையிடுங்கள். காரணம் கேட்டு எழுதும் கடிதம் வேறு, மேன்முறையீடு வேறு. ஒன்றின் மறுமொழிக்காகக் காத்திருந்து மற்றதன் தவணையைத் தவறவிடலாகாது. கொடுக்கும் ஒவ்வொரு தாளின் பிரதியிலும் அலுவலக முத்திரையும் திகதியும் பெறுங்கள். அல்லது பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். வந்த கடிதம் தமிழில் இல்லையெனில் தமிழிலே கேட்டு எழுதுங்கள். தமிழிற் கடிதத் தொடர்பு கொள்ளவும் மறுமொழி பெறவும் அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயம் உரிமை தந்திருக்கின்றது. தரமறுத்தால், 1991ஆம் ஆண்டுச் சட்டத்தினால் அமைந்த அரசகரும மொழிகள் ஆணைக்குழுவிடம் முறையிடலாம்.

அடுத்தது சான்று. "எனக்கு இயலாது" என்ற ஒரு சொல் சான்றாகாது. ஒரு வாரத்துக்கு நாட்குறிப்பு எழுதி வையுங்கள்: எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், கிணற்றடிக்குச் செல்ல யார் துணை நின்றார், எத்தனை அடி நடந்தபின் உட்கார்ந்தீர்கள், இரவில் எத்தனை தரம் வலியால் விழித்தீர்கள். ஒரு நிமிடம் பார்த்துக் கையொப்பமிடும் வைத்தியரின் சான்றிதழைக் காட்டிலும், நெடுங்காலம் சிகிச்சை அளித்துவரும் வைத்தியரின் நாலு வரிகள் பெறுமதி மிக்கவை. நீங்கள் எவற்றைச் செய்ய இயலாதிருக்கின்றீர்கள் என்பதை அவர் எழுதட்டும். நோயின் பெயரை மாத்திரம் எழுதினாற் போதாது.

உள்வழிகள் யாவும் அடைபட்டால் நீதிமன்றம் உண்டு. அடிப்படை உரிமை மீறலுக்கு 126ஆம் உறுப்புரையின் கீழ் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தை நாடவேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டிருந்தால், அவ்விசாரணை நடைபெறும் காலம் தவணையிற் சேர்க்கப்படாது என 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் கூறுகின்றது. சட்டத்துக்குப் புறம்பான தீர்மானத்தை இரத்துச்செய்யும் எழுத்தாணை வழங்க மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. வசதியற்றவர் சட்ட உதவி ஆணைக்குழுவை அணுகலாம். இதெல்லாம் பெரியவர்களின் வேலையென்று ஒதுங்க வேண்டியதில்லை. மரம் விழுந்த விபத்திலே நடக்கும் ஆற்றலை இழந்து சக்கர நாற்காலியில் வாழ்ந்த அஜித் பெரேரா என்னும் தனிமனிதர் தொடுத்த வழக்கிலேதான், பொதுக் கட்டடங்கள் வலுவிழந்தோர் நுழையத்தக்கனவாக அமையவேண்டும் என 2011ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் உயர் நீதிமன்றம் கட்டளையிட்டது. படி ஏற முடியாதவரே படியை எதிர்த்து வழக்காடி வென்றார்.

பிற நாட்டுப் பாடம்

நமது உறவினர் பல்லாயிரவர் வாழும் பிரித்தானியாவைச் சற்றே நோக்குவோம். அங்கே 2012ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக, வலுவிழந்தோருக்கான தனிநபர் சுதந்திரக் கொடுப்பனவு 2013 முதல் நடைமுறையில் இருக்கின்றது. உணவு சமைத்தல், குளித்தல், உடுத்தல், நடத்தல் முதலியவற்றுக்குப் புள்ளியிடுகின்றனர். எட்டுப் புள்ளி பெற்றால் ஒரு தொகை. பன்னிரண்டு பெற்றால் கூடிய தொகை. இது கொடிய கணக்கு என்று அங்குள்ளவர்களே கண்டிக்கின்றனர். ஆயினும் அக்கணக்கில் ஒரு நீதி பொதிந்திருக்கின்றது. ஒருவர் ஒரு செயலைச் செய்வாரா என்று மாத்திரம் கேட்பதை அவ்விதிகள் அனுமதிப்பதில்லை. ஆபத்தின்றிச் செய்வாரா, ஏற்கத்தக்க அளவிற்குச் செய்வாரா, வேண்டியபோதெல்லாம் திரும்பத் திரும்பச் செய்வாரா, நியாயமான நேரத்துக்குள் செய்து முடிப்பாரா என நான்கு கேள்விகள் கேட்கவேண்டும். அந்த நான்கையும் நமது வன்னி நண்பரிடம் கேட்டிருந்தால், படலைவரை நடந்த அந்தப் பத்து அடி அவருடைய வாழ்வை அளக்கும் அளவுகோலாகி இருக்குமா?

அங்கும் உத்தியோகத்தர் தவறிழைக்கின்றனர், மிகுதியாகவே தவறிழைக்கின்றனர். ஆனால் தவறைத் திருத்துவதற்கு இடமுண்டு. முதலில் திணைக்களமே தன் தீர்மானத்தை மீளாய்வு செய்யவேண்டும். அதிலும் திருப்தியில்லையேல் சுதந்திரமான தீர்ப்பாயத்துக்குச் செல்லலாம். அங்கே ஒரு நீதிபதியும், ஒரு வைத்தியரும், வலுவிழந்தோர் வாழ்வை அனுபவத்தால் அறிந்த ஓர் உறுப்பினரும் அமர்ந்து விசாரிக்கின்றனர். அத்தீர்ப்பாயம் வரை சென்று தீர்ப்புப் பெற்றவர்களிற் பாதிக்கு மேற்பட்டோர் ஆண்டுதோறும் வென்றிருக்கின்றனர். முதற் கடிதத்தோடு மனமுடைந்து வீட்டிலிருந்தவர்கள் எதை இழந்தார்கள் என்பதை இதிலிருந்து உணரலாம்.

இன்னுமொரு நிகழ்ச்சி. உளநோயினால் தனியே வெளியிற் செல்ல இயலாதவர்களின் புள்ளிகளைக் குறைத்து 2017ஆம் ஆண்டு அந்த அரசாங்கம் விதியொன்றை ஆக்கியது. உளநோயுற்ற ஒரு பெண் அதனை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். அவ்விதி பாரபட்சமானது, சட்டத்துக்கு முரணானது என அதே ஆண்டு டிசம்பர் மாதம் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசாங்கம் மேன்முறையீடு செய்யாது பணிந்தது. பதினாறு இலட்சம் பேருடைய கோவைகளை மீளப் பரிசீலிப்பதாக அறிவித்தது. ஒருவர் கேட்டார், பதினாறு இலட்சம் கோவைகள் மீளத் திறந்தன. தனி வழக்கு என்பது தனிமனிதருக்காக மாத்திரம் ஆடப்படுவதன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

மறுதரப்பின் நியாயம்

பொய்யான சான்றிதழுடன் கொடுப்பனவு பெறுவோர் இல்லையா என்று கேட்பார்கள். இருக்கின்றனர், மறைக்க மாட்டோம். அத்தகையவர் களவாடுவது திறைசேரியிலிருந்து மாத்திரமன்று. உண்மையாகவே வலுவிழந்தவரின் கலயத்திலிருந்துமே. ஆனால் களவுக்கு மருந்து சரியான விசாரணையேயன்றி, கண்மூடித்தனமான மறுப்பன்று. காரணம் எழுதவேண்டிய கட்டாயம் இருந்தால், தகுதியற்றவருக்குக் கொடுக்கும்போதும் காரணம் எழுதவேண்டி வரும். அப்பொழுது சிபாரிசுக்கு இணங்கி வழங்கிய கொடுப்பனவுகளும் வெளிச்சத்துக்கு வரும். நேர்மையான உத்தியோகத்தருக்கு எழுதிய காரணமே கவசம். ஒரு கிராம அலுவலரின் மேசையில் எத்தனை கோவைகள் கிடக்கின்றன, எத்தனை திட்டங்களின் படிவங்கள் அவர் தலையில் ஏற்றப்படுகின்றன என்பதை நாமறிவோம். அவர்களைப் பகைவராகக் கருதுவது நமது நோக்கமன்று. நாம் எதிர்ப்பது முறையை.

நாமும் குற்றவாளிகளே. "எம்பீட்ட ஒரு கடிதம்" என்று அம்மனிதர் கேட்டாரே, அவ்வழக்கத்தை அவருக்குக் கற்பித்தவர் யார்? அரசியல் வேலை செய்யும் நாமே. சிபாரிசுக் கடிதம் கொடுத்து ஒருவருடைய காரியத்தை முடித்துவிட்டு, அவர் நன்றியை வாக்காக எண்ணிக்கொள்வது எளிது. உரிமையைக் கேட்டுப் பெறுமாறு அவரைப் பழக்குவது கடினம். அதில் நமக்குப் புகழுமில்லை. கடிதம் பெற்றவர் ஒருவர் முன்னே தள்ளப்படும்போது, கடிதம் பெற இயலாத ஒருவர் பின்னே தள்ளப்படுகின்றார். பெரும்பாலும் அவர் பேச இயலாதவர், எழுந்து வர இயலாதவர், அல்லது கைம்பெண்ணான தாயுடன் தனித்திருக்கும் உளநோயாளி. அவருடைய முகத்தை நாம் பார்ப்பதில்லை. ஆதலால் நம் மனச்சாட்சி உறங்குகின்றது.

ஆகவே மூன்று கோரிக்கைகளை முன்வைக்கின்றோம். முதலாவது, கொடுப்பனவை மறுக்கும் ஒவ்வொரு கடிதமும் காரணத்தையும், மேன்முறையீட்டு வழியையும், தவணையையும் விண்ணப்பதாரரின் மொழியிலேயே கொண்டிருக்கவேண்டும். இரண்டாவது, மறுத்த அலுவலகமே மேன்முறையீட்டையும் தீர்க்கும் நிலை ஒழிந்து, மாவட்டந்தோறும் ஒரு சட்டத்தரணியும், ஒரு வைத்தியரும், வலுவிழந்த ஒருவரும் அமர்ந்து நேரிற் கேட்கும் சுதந்திரமான சபை அமையவேண்டும். மூன்றாவது, பெற்றுவந்த கொடுப்பனவை நிறுத்த முற்பட்டால், மேன்முறையீடு முடியும்வரை அது தொடரவேண்டும். வழக்கு முடியுமுன் தண்டனை தொடங்குவது நீதியன்று.

அரசிடம் இவற்றைக் கோருவதோடு நம் கடன் தீர்ந்துவிடாது. ஒவ்வொரு கிராமத்திலும் வாசிகசாலையிலோ சனசமூக நிலையத்திலோ வாரத்தில் ஒரு நாள், படிக்கத் தெரிந்த இரு இளைஞர்கள் ஒரு மேசையைப் போட்டு உட்காரட்டும். கடிதத்தை வாசித்துச் சொல்லவும், காரணம் கேட்டு எழுதவும், நாட்குறிப்பைச் சீர்செய்து கொடுக்கவும் சட்டப் பட்டம் வேண்டியதில்லை. பொறுமை வேண்டும்; அவ்வளவே. சட்டத்தரணிகளாகிய நாம் மாதத்தில் ஒரு நாளை அவர்களுக்குத் தருவோம்.

வன்னியிலிருந்து வந்தவருக்கு நாம் சிபாரிசுக் கடிதம் எடுத்துக் கொடுக்கவில்லை. அவர் முகம் வாடியதைக் கண்டோம். ஆயினும் 35ஆம் பிரிவின் கீழ் காரணம் கேட்டு ஒரு கடிதமும், தவணைக்குள் ஒரு மேன்முறையீடும் அவர் பெயரில் எழுதினோம், அவரே கையொப்பமிட்டார். பத்து நாளில் மறுமொழி வந்தது. "நடமாடக்கூடியவர்" என்னும் ஒரு சொல்லே காரணம். இப்பொழுது எதை எதிர்த்து வாதாட வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். மேன்முறையீடு இன்னும் முடியவில்லை. முடிவு எப்படியாகும் என்று நாம் சோதிடம் கூற வரவில்லை.

ஆனால் சென்ற கிழமை அவர் மீண்டும் வந்தபோது தனியே வரவில்லை. அயல்வீட்டுத் தாயொருத்தியையும், காது கேளாத அவளுடைய மகளையும் கூட்டிவந்தார். அத்தாயின் கையிலும் அதே ஒருவரிக் கடிதம். அவள் வாய் திறக்குமுன் அவரே முந்திக்கொண்டு சொன்னார்: "ஐயா, இவைக்கும் காரணம் கேட்டு எழுத வேணும்." எம்பியின் கடிதத்தைப் பற்றி அவர் பேசவேயில்லை.